தம்பையா பெயரில் ஆடியவன்

1

போன செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போய்விட்டு வந்து வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். இலாகா பியூன் பின்னாலேயே வந்து நின்றான். கையில் நீளமான பழுப்பு உறை.

"சூசை, உமக்கும் ஒண்டு வந்திருக்கு" என்றான்.

உமக்கும் என்றானே, அப்படியானால் மற்றவர்களுக்கும் வந்திருக்கிறது என்று ஒரு நிமிடம் ஆறுதலாக இருந்தது. வாசலிலேயே நின்று உறையைக் கிழித்தேன்.

உள்ளே ஒரு படிவம். இலங்கைக்கு எப்போது வந்தீர், எந்தத் துறையில் இறங்கினீர், இடையில் எத்தனை முறை வெளியே போனீர், ஏன் போனீர், ஏன் திரும்பி வந்தீர் என்று கேட்டுக்கொண்டே போகிறது. கடைசிக் கேள்விதான் என்னை உட்கார வைத்தது. 'நீர் வந்த நாள் முதல் உம்மை அறிந்த அரசாங்க உத்தியோகத்தர் ஒருவரின் பெயர்.'

வெள்ளைக்காரன் போகப்போகிறான் என்று இங்கே கொழும்பில் கொட்டாஞ்சேனை முழுவதும் ஒரே பேச்சு. போகட்டும், நல்லது. ஆனால் வீடு கைமாறும்போதுதான் பரணில் கிடக்கிற சாமானை எல்லாம் இறக்கி, இது வேண்டுமா வேண்டாமா என்று பார்ப்பார்கள். இந்தியாவில் இருந்து வந்த எங்களைப் போன்றவர்கள் பரணில் கிடக்கிற சாமான்.

தூத்துக்குடியில் இருந்து இதைப் படிக்கிற உங்களுக்குக் கொழும்பு என்றால் தோணிப் பயணம், தேங்காயெண்ணெய், வாசனைச் சோப்பு. போனவன் எல்லாம் கோட்டுப் போட்டுக்கொண்டு வருவான். நம் ஊர் மாத இதழ்க்காரர்கள், "வெளியூர்களில் பந்து விளையாடிப் பேர் வாங்கினவர் நீங்கள், அனுபவத்தை எழுதுங்கள்" என்று மூன்று கடிதம் போட்டுவிட்டார்கள். பேர் வாங்கினவன்! இந்த இரண்டு சொல்லைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு பயம் வந்தது. எனக்கு எது வந்தாலும் பின்னால் பயம் வரும்.

2

நான் கால்பந்தில் பேக். கோல் காக்கும் கோலிக்கு முன்னால், மற்ற எல்லாருக்கும் பின்னால் நிற்கிறவன். கோல் போட்டவனைத் தோளில் தூக்குவார்கள். கோல் விழாமல் பார்த்தவனைத் தூக்கியதாக எந்த ஊரிலும் நான் கண்டதில்லை.

முன்னால் ஆடுகிறவன் ஆசையால் ஆடுகிறான், பின்னால் நிற்கிறவன் பயத்தால் ஆடுகிறான். இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. பந்து அந்தப் பக்கம் கிடக்கும்போதே, இது இங்கே வந்தால் என்ன ஆகும் என்று நினைக்கத் தெரிந்தவனுக்குத்தான் இந்த வேலை. சின்ன வயதிலேயே எனக்கு அது தெரியும். உப்பளத்து வெளியில் நாங்கள் ஆடியபோது, பந்து எங்கோ போய்க்கொண்டிருக்கும், நான் மட்டும் பின்வாங்கி நிற்பேன். "பயந்தாங்கொள்ளி, அங்கேயே நில்லுலே" என்று நிறுத்திவைத்தார்கள். அப்படி நின்றவன்தான் திருச்சி, மதராஸ், கோலார், ரங்கூன் என்று போனேன். ரயில்வேக்காரர்கள் ஒரு வருடம் சம்பளம் கொடுத்து வைத்திருந்தார்கள். கோலாரில் தங்கச் சுரங்கத்துக்காரர்கள் இரண்டு வருடம். சுரங்கத்துக்குள் ஒரு நாளும் இறங்காமல் சுரங்கத் தொழிலாளி என்று எழுதிச் சம்பளம் வாங்கினேன். அப்போதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

நாங்கள் வெறுங்காலில் ஆடுகிறவர்கள். கணுக்காலைச் சுற்றித் துணி கட்டிக்கொள்வோம், அவ்வளவுதான். எதிரே பட்டாளத்துக்காரர்கள் பூட்ஸ் போட்டுக்கொண்டு வருவார்கள். ரங்கூனில் ஒரு சோல்ஜர் மிதித்ததில் போன என் வலது பெருவிரல் நகம் இன்றுவரை ஒழுங்காக முளைக்கவில்லை. பூட்ஸ் தரையில் விழுகிற சத்தம் ஒன்று இருக்கிறது. இப்போதும் காலி நகருக்குப் போகும் காலி வீதியில் பட்டாளத்துக்காரர்கள் நடந்து போனால் என் விரல்கள் தாமாக மடங்கிக்கொள்ளும்.

ஆனால் அந்தப் பயத்துக்கு ஒரு வழி உண்டு. முந்திக்கொண்டு பந்தை எடுத்துவிட்டால் முடிந்தது. கொழும்பில் எனக்கு வந்த பயத்துக்கு அப்படி ஒரு வழியும் இல்லை.

3

கொழும்புக்கு என்னைக் கூட்டிவந்தது ஓர் இலாகாவின் பந்தாட்ட அணி. இலாகாவின் பெயரை எழுத மாட்டேன், துறைமுகத்துப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தினக்கூலியில் பட்டறை வேலை, சனிக்கிழமைகளில் ஆட்டம் என்று பேச்சு. கொட்டாஞ்சேனையில் ஒரு தோட்டத்தில் அறை எடுத்தோம். தோட்டம் என்றால் மரம் செடி என்று நினைக்காதீர்கள். ஒரே கூரையின் கீழ் இருபது வீடு, இரண்டு தண்ணீர்க் குழாய், அதற்குப் பெயர் இங்கே தோட்டம். என் மனைவி சவேரியம்மாள் முதல் நாள் சுற்றிப் பார்த்துவிட்டு, "தோட்டம்னு சொல்லித்தான கூட்டிட்டு வந்திய?" என்று கேட்டாள்.

வந்து சேர்ந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. இலாகாக்களுக்குள் நடக்கும் கிண்ணப் போட்டியில் நிரந்தர உத்தியோகத்தர்கள் மட்டுமே ஆடலாம். தினக்கூலிக்காரன் ஆட முடியாது. அணியின் காரியதரிசி ஒரு கிளாக்கர், நம் ஊர்ப் பேச்சில் குமாஸ்தா. பெயர் தம்பையா. யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளவத்தையில் கடற்கரைக்குப் போகும் ஒழுங்கை ஒன்றில், சின்னச் சந்தில், குடியிருந்தார். ஒல்லியான மனிதர், வெள்ளைக் கோட்டு, கையில் எப்போதும் குடை. பந்தாட்டம் என்றால் உயிர். ஆனால் பிறந்ததில் இருந்து மூச்சுக் கோளாறு, பத்தடி ஓடினால் இளைக்கும். ஒரு நாளும் பந்தைக் காலால் தொட்டதில்லை.

அவர்தான் அந்த யோசனையைச் சொன்னார். "சூசை, என்ர பேரில நீர் விளையாடும். நான் நிரந்தர ஆள்தானே. ஆர் கேக்கப் போகினம்?"

"ஐயா, கண்டுபிடிச்சா?"

"கண்டுபிடிச்சால் பாப்பம். கப்பை முதல்ல எடுப்பம்."

அப்படித்தான் நான் மூன்று வருடம் தம்பையாவாக ஆடினேன். என்னைப் போன்ற பரதேசி ஆட்டக்காரர்களுக்கு இது ஒன்றும் புதிதில்லை. பாதி அணிகளில் பாதிப் பேர் இன்னொருவன் பெயரில்தான் ஆடுவார்கள். மதராஸில் நான் விட்டுவந்த கிளப்பிலும், என் பெயரைப் பதிவில் இருந்து எடுக்கச் சோம்பல்பட்டுக்கொண்டு, வேறு யாரோ ஒருவனை 'சூசை' என்று இறக்கி ஆடிக்கொண்டிருந்தார்கள். அங்கே இருந்த என் மச்சான் பத்திரிகையில் 'பேக் சூசை அபாரம்' என்று வந்ததையெல்லாம் வெட்டி எனக்குத் தபாலில் அனுப்புவான். நானும் சிரித்துக்கொண்டே அவற்றை ஓர் ஆல்பத்தில் ஒட்டி வைத்தேன். ஒரே ஆள் இரண்டு ஊரில் ஆடுகிறான் என்றால் யாருக்குத்தான் சந்தோஷம் இருக்காது!

தம்பையாவின் பாடுதான் பரிதாபம். சனிக்கிழமை பின்னேரம் அவர் மைதானத்தில் ஆடிக்கொண்டிருப்பதாகப் பெயர். ஆகவே அவரை யாரும் வெளியில் பார்த்துவிடக் கூடாது. வெள்ளவத்தை வீட்டில் ஜன்னல் கதவுகளை எல்லாம் அடைத்துக்கொண்டு, வியர்க்க வியர்க்க உள்ளே உட்கார்ந்திருப்பார். தன் உயிரான ஆட்டத்தை, தானே சேர்த்த அணியின் ஆட்டத்தை, அவர் ஒரு முறைகூடப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் கோட்டை ஸ்டேஷனில் ரயிலேறி அவர் வீட்டுக்குப் போவேன். மைதானத்துக்கு வராத ஆட்கள் திங்கட்கிழமை கந்தோரில், அதாவது ஆபீசில், அவரிடம் ஆட்டத்தைப் பற்றிப் பேசுவார்கள் அல்லவா? அதற்கு அவர் தயாராக வேண்டும். நான் ஒவ்வொரு பந்தாகச் சொல்வேன். அவர் மேசையில் தீப்பெட்டிகளை ஆட்களாக அடுக்கி வைத்துக்கொண்டு கேட்பார்.

"அவன் இடப் பக்கத்தால வாறான். நீர் எங்க நிக்கிறீர்?"

"இங்கன நிக்கேன், ஐயா."

"நான் பிறகு என்ன செய்தனான்?"

இதுதான் அவர் கேட்கும் விதம். நீர் என்று தொடங்கி நான் என்று முடிப்பார். நானும் கொஞ்சம் கூட்டிச் சொல்வேன். தடுக்கி விழுந்து தற்செயலாகத் தட்டின பந்தைக்கூடக் காற்றில் பாய்ந்து எடுத்ததாகச் சொல்வேன். அவர் முகம் மலர்வதைப் பார்த்தால் பொய் தானாக வரும்.

ஒரு தடவை எனக்கு முழங்கால் பிசகிவிட்டது. தம்பையா அந்த வாரம் முழுவதும் கந்தோருக்கு நொண்டிக்கொண்டு போனார். புதன்கிழமை மறந்துபோய்க் காலை மாற்றி நொண்டினாராம். நல்ல வேளை, யாரும் கவனிக்கவில்லை. இன்னொரு தடவை எனக்குப் புருவம் கிழிந்தது. அவரும் அதே புருவத்தில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை என்னைக் கண்டதும், "நல்லா நோகுது என்ன?" என்றார். சிரித்துச் சிரித்து எங்களுக்குக் கண்ணீர் வந்தது.

மூன்றாம் வருடம் கிண்ணத்தை எடுத்தோம். எல்லாரும் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டோம். அந்தப் படத்தைக் கண்ணாடி போட்டு, தலைமைக் கந்தோர் நடையில், பெரிய அதிகாரியின் அறைக்கு வெளியே மாட்டினார்கள். பின் வரிசையில் வலப் பக்கம் முதல் ஆள் நான். கீழே அழகான எழுத்தில் வருடமும், என் முகத்துக்கு நேரே 'தம்பையா' என்ற பெயரும் இருந்தன; நடையில் போனவர்கள் யாரும் நின்று உற்றுப் பார்க்கவில்லை.

4

ஏழு வருடத்துக்கு முன்னால் அந்த உத்தரவு வந்தது. அரசாங்க இலாகாக்களில் தினக்கூலிக்கு இருக்கும் இந்தியர்களில், ஒரு குறிப்பிட்ட வருடத்துக்கு முன்னால் சேர்ந்தவர்கள் இருக்கலாம். பின்னால் சேர்ந்தவர்கள் கப்பலேற வேண்டும். நான் அந்த வருடத்துக்கு முன்னால் சேர்ந்தவன்தான், நாலு வருடம் முன்னால். ஆனால் அதைக் காட்ட என்னிடம் என்ன இருக்கிறது? பெயர் பதிந்த பழைய செக்ரோல் புத்தகங்கள் கிடங்குக் கூரை ஒழுகி ஊறிப்போய்விட்டனவாம். கையில் இருக்கும் சாட்சியைக் கொண்டு வா என்றார்கள்.

அந்த நாட்களில் எங்கள் தோட்டத்தில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. குழாயடியில் சண்டைகூட நின்றுவிட்டது. தினமும் ஒரு வீட்டில் பெட்டி கட்டுகிற சத்தம் கேட்கும். மூன்றாம் வீட்டுக்காரர் போகும்போது தன் கோழிகளை எங்களிடம் விட்டுப் போனார். அவற்றை அறுக்கவும் மனமில்லை, பார்க்கவும் பயமாக இருந்தது. பிற்பாடு யுத்தம் இங்கேயும் வந்து, ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டபோதுகூட நான் இப்படி நடுங்கியதில்லை. குண்டுக்கு என் பெயர் தெரியாது.

எங்களுக்கு ஒரே மகள், பிலோமினா. அப்போது பதினான்கு வயது. கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தூத்துக்குடி என்றால் ஒரு சொல், அவ்வளவுதான். நாங்கள் 'ஆமா' என்போம், அவள் 'ஓம்' என்பாள். சந்திக்கடைக்காரரிடம் சிங்களத்தில் பேரம் பேசுவாள். செபம் மட்டும் எங்கள் தமிழில் சொல்வாள். அடுத்த டிசம்பரில் அவளுக்குப் பெரிய பரீட்சை. ஊருக்குப் போனால் எந்தப் பள்ளிக்கூடத்தில் எதைப் படிப்பாள்?

மனுவை ஆங்கிலத்தில் எழுதியது அவள்தான். "அப்பா, நீங்க பயப்பிட வேண்டாம். நான் எல்லாம் வச்சு எழுதிக் குடுத்திட்டன்" என்றாள்.

எல்லாம் என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. அதுதான் நான் செய்த பிழை. அவள் ஆல்பத்தில் இருந்த பத்திரிகைத் துண்டுகளை எடுத்து, வருடவாரியாக வரிசைப்படுத்தி, மனுவோடு வைத்துவிட்டாள். தன் அப்பா எத்தனை பெரிய ஆட்டக்காரர் என்று அதிகாரி அறியட்டும் என்பது அவள் எண்ணம். அத்தனையும் மதராஸ் பத்திரிகைத் துண்டுகள். நான் கொழும்பில் தம்பையாவாக ஆடிய அதே மூன்று வருடங்கள்.

அவள் மேல் குற்றமில்லை. அந்தச் சூசை நான் இல்லை என்று நான் அவளுக்குச் சொன்னதே இல்லை. மடியில் உட்கார்ந்து, "இது எந்தக் கோல், அப்பா?" என்று கேட்கும்போதெல்லாம், நான் பார்க்காத ஆட்டத்தைக் கதை கதையாகச் சொல்லியிருக்கிறேன்.

மனு போய்ச் சேர்ந்த பிறகுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. அதிகாரி அதைப் படித்தால் என்ன நினைப்பார்? இவன் அந்த வருடங்களில் மதராஸில் இருந்தவன், பிறகுதான் இங்கே வந்தவன், பொய் சொல்கிறான். அவ்வளவுதான். அதற்கு ஒரே மறுப்பு அந்தக் கண்ணாடிப் படம். அதில் இருப்பது நான்தான் என்று சொன்னால் நான் இருக்கலாம். ஆனால் தம்பையா போய்விடுவார். பொய்ப் பெயர் கொடுத்த நிரந்தர உத்தியோகத்தருக்கு என்ன நடக்கும் என்று இலாகாவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பென்ஷனுக்கு அவருக்கு இன்னும் நாலு வருடம் இருந்தது. கல்யாணத்துக்கு இரண்டு பெண்கள்.

விசாரணைக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை வெள்ளவத்தைக்குப் போனேன். விஷயத்தைச் சொல்லி, படத்தைக் காட்டலாமா என்று அவரிடமே கேட்பது என்று ரயில் முழுவதும் வாய்க்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். தம்பையா தேத்தண்ணி கொடுக்கச் சொன்னார்.

"என்ன சூசை, முகம் காய்ஞ்சு கிடக்கு? உந்த விசாரணையோ? பயப்பிடாதேயும். உம்மை அனுப்பிப்போட்டு இவையள் ஆரை வச்சு விளையாடப் போகினம்?"

"அப்படித்தான் ஐயா" என்றேன்.

தேத்தண்ணியைக் குடித்தேன். அவருடைய மூத்த மகள் தட்டை எடுக்க வந்தாள். கேட்க வேண்டியதைக் கேட்காமலே எழுந்து வந்துவிட்டேன்.

5

நடையில் இருந்த வாங்குப் பலகையில் எங்களை உட்கார வைத்தார்கள். தலைக்கு நேர் மேலே அந்தப் படம். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. பிலோமினா பார்க்கக் கூடாதே என்று அவள் பக்கத்தை மறைத்து உட்கார்ந்தேன். எனக்கு ஆங்கிலம் போதாது என்பதால் மொழிபெயர்க்க அவளைக் கூட்டி வந்திருந்தேன். வெள்ளைக் கவுன், பள்ளிக்கூடத்துச் சப்பாத்து. பட்டாளத்துக்காரர்களின் முன்னால் இறங்கும்போது எனக்குக் காலில் வரும் குளிர் அன்று இடுப்பு வரை ஏறிவிட்டது.

அதிகாரி சிங்களவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பிள்ளைக்கு ஒரு நாற்காலி போடச் சொன்னார். பத்திரிகைத் துண்டுகளை ஒவ்வொன்றாக மேசையில் பரப்பினார். ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார்.

பிலோமினா திரும்பினாள். "அப்பா, இது நீங்கதானே எண்டு கேக்கிறார்."

அவள் முகத்தில் பெருமை. நான் என்ன சொல்வேன்? ஆமாம் என்றால் கப்பல். இல்லை என்றால் இவள் முகம்.

"இல்லைன்னு சொல்லு" என்றேன்.

அவள் சொல்லவில்லை. என்னையே பார்த்தாள்.

"இல்லைன்னு சொல்லும்மா. அது வேற ஆளு. என் பேர்ல ஆடினவன்."

அவள் சொன்னாள். குரல் மிகவும் சிறுத்துப் போயிருந்தது. அதிகாரி சிரித்தார். எல்லாரும் இப்படித்தான் சொல்கிறார்கள் என்றாராம். பதினைந்து நாள் தவணை, குடும்பத்தோடு போக டிக்கெட் இலாகாவே தரும் என்றாராம். அதை மொழிபெயர்க்கும்போது, பதினைந்து நாள் என்ற இடத்தில் பிலோமினா நின்றுவிட்டாள். உதடு மட்டும் அசைந்தது.

உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை. அந்த நேரத்தில் நான் தம்பையாவை நினைக்கவில்லை. அவருடைய பெண்களை நினைக்கவில்லை. பந்து கோலுக்குள் போகப்போகிறது, அது மட்டும்தான் தெரிந்தது. எழுந்து கதவைத் திறந்து, நடையில் இருந்த படத்தை ஆணியோடு பிடுங்கிக்கொண்டு வந்து அதிகாரியின் மேசையில் வைத்தேன். என் முகத்தின் மேல் விரலை வைத்தேன்.

"இது நான். அந்த வருஷமே நான் இங்கதான் இருந்தேன். சொல்லும்மா."

அதிகாரி படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கீழே இருந்த பெயரைப் படித்தார். மணியை அடித்து, தம்பையாவைக் கூட்டிவரச் சொன்னார்.

அவர் வருவதற்குப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். அதற்குள்ளேயே எனக்குச் சொன்னதை விழுங்கிவிட வேண்டும் போல இருந்தது. தம்பையா மனது வைத்தால் அவர் தப்பிக்கலாம். 'அது நான்தான், படம் பழசு, அப்போது கொஞ்சம் தடிப்பு' என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதிகாரி கிளாக்கரை நம்புவாரா, தினக்கூலிக்காரனை நம்புவாரா? அவர் அப்படிச் சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். சொல்லாமல் விட்டுவிடுவாரோ என்றும் பயந்தேன். இரண்டு பயமும் ஒன்றாக இருந்தன.

தம்பையா வந்தார். மேசையில் படத்தைக் கண்டதும் அவருக்குப் புரிந்துவிட்டது. என் பக்கம் திரும்பவே இல்லை. அதிகாரி கேட்டதற்கு ஆங்கிலத்தில் இரண்டே வாக்கியம் சொன்னார். பிறகு பிலோமினாவைப் பார்த்து, அவளுக்கு மட்டும் சொல்வது போலத் தமிழில் சொன்னார்.

"அது நான் இல்லைப் பிள்ளை. அது உன்ர அப்பாதான். நான் ஒரு நாளும் பந்து அடிச்சதில்லை."

6

நான் இருந்துவிட்டேன். தினக்கூலிக்காரனிடம் பறிக்க என்ன இருக்கிறது? இனி அணியில் இடமில்லை என்றார்கள், அத்தோடு சரி. கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். தம்பையாவை மூன்று வாரத்தில் பென்ஷன் இல்லாமல் வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர் குடும்பத்தோடு யாழ்ப்பாணம் போக ஏற்பாடு செய்தார்.

வீட்டில் பிலோமினா அந்த ஆல்பத்தைக் கிழிக்கவில்லை. ஒவ்வொரு மதராஸ் துண்டின் கீழும் பென்சிலால் ஆங்கிலத்தில் 'இது என் அப்பா அல்ல' என்று சின்னதாக எழுதி வைத்தாள். இன்று அவளுக்கு வயது இருபத்தொன்று, கோட்டையில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். மடியில் உட்கார்ந்த பிள்ளை இப்போது எனக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்துதான் பேசுகிறாள். பிழை அவளுடையது அல்ல.

நேற்று அவள்தான் புதிய படிவத்தை நிரப்பித் தந்தாள். கடைசிக் கேள்விக்கு வந்ததும், "ஆற்ற பேர் போடுறது, அப்பா?" என்றாள். வந்த நாள் முதல் என்னை அறிந்த அரசாங்க உத்தியோகத்தர் ஒருவர்தான் இருந்தார். அவரை உத்தியோகத்தர் இல்லாமல் ஆக்கியவன் நான். அவள் இடத்தைக் காலியாக விட்டு எழுந்து போனாள். நாளைக்குள் கொடுத்தாக வேண்டும். இதை எழுதுகிற மேசையிலேயே படிவம் கிடக்கிறது.

தம்பையா யாழ்ப்பாணம் புறப்படுவதற்கு முந்திய சனிக்கிழமை நடந்ததையும் எழுதிவிடுகிறேன். இந்த வாரத்தோடு அதற்கு ஏழு வருடம்.

கொட்டாஞ்சேனைப் பையன்கள் ஒரு சின்ன அணி வைத்திருந்தார்கள். அதில் சொந்தப் பெயரில் ஆட என்னைக் கூப்பிட்டார்கள். இடைவேளை முடிந்து இறங்கும்போது, மைதானத்து எல்லைக் கோட்டுக்கு வெளியே கயிற்றைப் பிடித்துக்கொண்டு தம்பையா நிற்பதைக் கண்டேன். வெள்ளைக் கோட்டு, குடை. நல்ல வெயிலில், நாலு பேர் பார்க்க, சனிக்கிழமை பின்னேரத்தில் நின்றார். அவர் இனி ஒளிந்திருக்கத் தேவையில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவருக்கு நல்ல ஆட்டம் காட்ட வேண்டும் என்று நினைத்தேன். காற்றில் பாய்ந்து எடுத்ததாகத் தீப்பெட்டிகளை வைத்துச் சொன்னேனே, அப்படி ஒன்றாவது. அன்று அந்தோனியாரே வந்து தள்ளியிருந்தாலும் என் கால் எழுந்திருக்காது. ஏற்கெனவே இரண்டு கோல் விழுந்திருந்தது. மூன்றாவதற்கு எதிர்ப் பக்கத்தில் ஓரமாக ஆடும் விங் பையன் எல்லைக் கோட்டை ஒட்டித் தம்பையாவுக்கு முன்னாலேயே பந்தைக் கொண்டு வந்தான். நான் குறுக்கே போனேன். போகும்போது கண் அவர் முகத்துக்குப் போய்விட்டது. பந்து என் இரண்டு காலுக்கும் நடுவால் உருண்டு போயிற்று. வாழ்நாளில் அப்படி ஒரு பந்தை நான் விட்டதில்லை.

ஆட்டம் முடிந்து, கணுக்கால் துணியை அவிழ்க்காமலே அவரிடம் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான். "ஐயா..." என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். சேறு படிந்த கால், நகமில்லாத விரல், எல்லாவற்றையும் பார்த்தார்.

"சூசை, உண்மையைச் சொல்லும். மூண்டு வருசமும் நான் இப்பிடியே விளையாடினனான்?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "இல்லை ஐயா. நீங்க நல்லா ஆடினிய" என்றேன். அது சத்தியம். நான் கூட்டிச் சொன்னதையெல்லாம் சேர்த்து, அந்த மூன்று வருடத்தில் தம்பையாவைப் போல ஒரு பேக் கொழும்பில் இல்லை.

அவரும் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. விங் பையன் பந்தைக் கொண்டு வந்த அந்த இடத்தைக் குடையால் காட்டினார்.

"மூண்டாவது பந்து" என்றார். "அதை நான் விட்டிருக்க மாட்டன்."

குடையை விரித்துக்கொண்டு ட்ராம் பாதைப் பக்கம் நடந்தார். நான் கயிற்றுக்கு உள்ளேயே நின்றேன்.